பசி குறைந்தவர்க்குப் பலந்தரும் ஆகாரம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வேளாண்மை செய்வோர், பயிர் வெளிறி நின்றால் உடனே காரணம் தேடுவர். நீர் போதாதா, உரம் போதாதா, பூச்சியா என்று ஆராய்வர். ஆனால் வீட்டில் ஒருவர் நாளுக்கு நாள் மெலிந்துவரும்போது, "அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை" என்று சொல்லி விட்டுவிடுகின்றனர். பயிருக்குக் காட்டும் கவனத்தில் ஒரு பங்கையேனும் அவருக்கும் காட்டுதல் வேண்டும்.

பசி குறைந்தவர்கள் பல வகையினர். எலிக்காய்ச்சல், டெங்கு முதலிய நோய்களிலிருந்து எழுந்தவர்கள் ஒரு வகை. பல்லிழந்த முதியோர் இன்னொரு வகை. ஓயாத வேலையால் களைத்து, உண்ண மனமின்றிப் படுத்துவிடுவோரும் உளர். இவர்களை "இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்று வற்புறுத்துவதால் பயனில்லை. வயிறு ஏற்கும் சிறு அளவுக்குள்ளேயே கூடுதலான சத்தை அடக்கிக் கொடுப்பதே வழியாகும்.

குறைந்த உணவு செய்யும் கேடு

உணவு தரும் சக்தியைக் கலோரி என்னும் அளவால் கணிக்கின்றனர். 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலுள்ள மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை நடைபெற்றது. தாமாக முன்வந்த 36 ஆடவர்க்கு 24 வாரங்கள் குறைந்த உணவே அளிக்கப்பட்டது. அவர்கள் தங்கள் நிறையில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கை இழந்தனர். உடல் வலிமை குன்றியதோடு, ஊக்கமும் குன்றிற்று. சோர்வும் எரிச்சலும் மிகுந்தன. ஆகவே, உணவு குறைந்தவர் வேலையில் நாட்டமின்றி இருப்பதைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளலாகாது.

எப்பொருளில் எவ்வளவு சக்தி?

ஒரு கிராம் மாப்பொருளும் ஒரு கிராம் புரதமும் தனித்தனியே 4 கலோரி தருகின்றன. ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தருகிறது. எனவே எண்ணெய்ச் சத்துள்ள பொருள்கள் சிறு இடத்தில் பெருஞ் சக்தியை அடக்கியுள்ளன. கீழ்வருவன 100 கிராமுக்குரிய அண்ணளவான கணக்குகள்:

சோறு – 130 கலோரி
வாழைப்பழம் – 90 கலோரி
எருமைப் பால் – 100 கலோரி
தேங்காய்ப்பூ – 350 கலோரி
பயறு (உலர்ந்தது) – 350 கலோரி
கச்சான் – 570 கலோரி
எள் – 570 கலோரி

இவற்றுள் ஏறக்குறைய யாவும் இப்பகுதியிலேயே விளைவன. கடையில் விற்கும் விலையுயர்ந்த சத்துமா டின்களை நாடவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

கஞ்சியைத் திருத்துதல்

நோயாளிக்கு நீர்த்த கஞ்சி கொடுப்பது வழக்கம். 30 கிராம் அரிசியிற் காய்ச்சிய ஒரு கோப்பைக் கஞ்சியில் 110 கலோரிக்குக் குறைவாகவே உண்டு. நீரே வயிற்றை நிரப்பிவிடுகிறது. அதே கஞ்சியில் வறுத்த பயற்றமா ஒரு மேசைக்கரண்டியும் (10 கிராம்), முதற் தேங்காய்ப்பால் 50 மில்லிலீற்றரும் சேர்த்தால் 250 கலோரி வரை கிடைக்கும். கோப்பை ஒன்றே, சத்து மட்டும் இரட்டிப்பாகிறது. அரிசியும் பயறும் சேர்வதால் புரதத்தின் தரமும் உயர்கிறது.

கஞ்சிக்குப் புழுங்கல் அரிசியே மேலானது. தீட்டிய பச்சரிசியிலும் பார்க்க இதில் தயமின் என்னும் உயிர்ச்சத்துக் கூடுதலாகத் தங்குகிறது.

நாளாந்தம் கைக்கொள்ள வேண்டியவை

1. மூன்று பெருஞ் சாப்பாட்டுக்குப் பதிலாக, இரண்டு அல்லது மூன்று மணிக்கொருமுறை சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொடுக்க வேண்டும்.

2. பசி நன்றாக இருக்கும் வேளையை அறிந்து, அவ்வேளைக்கே நல்ல ஆகாரத்தை ஒதுக்க வேண்டும். பலர்க்கு அது காலைப்பொழுதாகும்.

3. சாப்பாட்டுக்குச் சற்று முன் தேநீரோ நிறையத் தண்ணீரோ குடித்தலும் வெற்றிலை போடுதலும் பசியை மந்தப்படுத்தும். தண்ணீரைச் சாப்பாட்டுக்குப் பின்னும் இடைவேளையிலும் குடிக்கலாம். வெயிலில் வேலை செய்வோர் தண்ணீரைக் குறைத்தலாகாது.

4. வெறுந் தேநீருக்குப் பதிலாகப் பால் அருந்துதல் நன்று.

5. பிட்டுக்குத் தேங்காய்ப்பூவும் வாழைப்பழமும் பாலும் தாராளமாகச் சேர்க்கலாம். கீரைக்கும் பருப்புக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் கூடுதலாக விட்டால் 40 கலோரி சேரும்.

6. முட்டை, வாவி மீன், இறால் ஆகியவற்றிற் கிடைத்ததைச் சோற்றுக்கு முன்னரே உண்ணச் செய்ய வேண்டும். பல்லில்லாதவர்க்கு மீனை முள் நீக்கிச் சொதியில் மசித்துக் கொடுக்கலாம்.

திருத்திய கஞ்சியால் ஏறக்குறைய 150, கைப்பிடி கச்சானால் (30 கிராம்) 170, ஒரு வாழைப்பழத்தால் 90, ஒரு சிறு கிண்ணம் எருமைத் தயிரால் 100, ஒரு தேக்கரண்டி எண்ணெயால் 40 ஆக, நாளொன்றுக்கு 550 கலோரி மேலதிகமாகச் சேர்கிறது. இவ்வாறு தொடர்ந்து செய்தால், கிழமைக்கு அரைக் கிலோ வரை நிறை கூடுதல் இயலும்.

வயலும் தோட்டமும் உதவும் விதம்

பெரும்போக அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் ஈரத்தைக் கொண்டு பயறு விதைக்கலாம். இரண்டு மாதத்தளவில் அது காய்த்துவிடும். மண்ணுக்கும் தழைச்சத்துச் சேரும். எழுவான்கரையின் மணற்பாங்கான நிலம் கச்சானுக்கு ஏற்றது. வீட்டுக் கிணற்றடியில் வாழையும் பப்பாசியும், வேலியோரத்தில் முருங்கையும் நிற்கட்டும். விளைந்தது முழுவதையும் விற்றுவிடாமல், வீட்டுக்கென ஒரு பங்கை ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

கச்சானை நன்றாக உலர்த்தியே சேமிக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த பருப்பில் அபிளாநச்சு என்னும் நஞ்சு உண்டாகலாம். அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முற்றாக அழியாது. கறுத்த, சுருங்கிய, கசக்கும் பருப்புகளை எறிந்துவிடுதலே நலம்.

எச்சரிக்கை

முயலாமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் இருபதிலொரு பங்கு நிறை குறைந்தவர், அதாவது 60 கிலோவிலிருந்து 57 கிலோவுக்கு இறங்கியவர், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். காசநோய், நீரிழிவு, புற்றுநோய் முதலியன இவ்வாறே தொடங்கலாம். விழுங்கச் சிரமம், நீடித்த இருமல், மாறாத வயிற்றுப்போக்கு ஆகியவையும் வைத்தியரிடம் காட்டத்தக்கவை. நீரிழிவுள்ளோரும் சிறுநீரக நோயாளரும் வைத்தியரின் யோசனைப்படியே உணவை மாற்ற வேண்டும். பல நாள் ஏறக்குறையப் பட்டினியாகக் கிடந்தவர்க்குத் திடீரென நிறைய உணவு கொடுத்தல் உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை வைத்தியர் மேற்பார்வையிலேயே சிறிது சிறிதாகத் தேற்ற வேண்டும்.

மாதம் ஒருமுறை ஒரே தராசில் நிறுத்து, நிறையைக் குறித்து வைத்தல் நன்று. விளைச்சலை மூடைக்கணக்கிற் குறித்து வைக்கும் குடும்பத்தினர்க்கு இது கடினமன்று.