கையில் காசா, கார்டா?

சம்பளம் போட்ட மறுநாள் எங்கள் லயத்து அக்கா ஒருவர் பட்டணத்தில் 120 வெள்ளிக்குக் காத்தாடி வாங்கினார். மூன்றாம் நாளே புகைந்து கருகிவிட்டது. கடைக்காரர் பணம் தரவில்லை; ஒரு கார்டை நீட்டி, "இதுல 120 வெள்ளி இருக்கு, நம்ம கடையில எது வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்றாராம்.

"இத வச்சி மீன்காரன்கிட்ட மீன் வாங்க முடியுமா தம்பி?" என்று கேட்டார் அக்கா.

முடியாதே! 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, இப்படி அடியோடு கெட்டுப்போன பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்டால் ரொக்கமாகத்தான் தரவேண்டும். (நிறம் பிடிக்கவில்லை என்று கொண்டுபோனால் இந்தப் பேச்சு செல்லாது!) கடைக்காரர் மசியாவிட்டால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். ரசீது முக்கியம்.

அக்கா அதை அரிசி டின்னுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் பட்டணம் போகிறோம்.