கடல்கட்டிக்கு இருபதில் ஒரு பங்கு
ஆண்டிவைரஸ் கம்ப்யூட்டரை மந்தமாக்கினால் செய்ய வேண்டியது என்ன?

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், தோணிக்காரரும் மூழ்குவோரும் இருந்தால் மட்டும் தொழில் நடந்துவிடாது. 'கடல்கட்டி' என்று ஒருவரும் வேண்டும். மந்திரம் சொல்லிச் சுறாமீன்களின் வாயைக் கட்டுவது அவருடைய உத்தியோகம். அவர் இல்லாமல் குளிப்போர் கடலில் இறங்கத் துணிய மாட்டார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கத்துக் கடலைப் பற்றி எழுதிய வெனிஸ் யாத்திரிகர் மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கும் சேர்ந்தது என்று குறிப்பிட்டிருக்கிறார்.

மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. அபாயமுள்ள இடத்திலே காவல் வேண்டும். காவலுக்குக் கூலியும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கூலி இருபதில் ஒன்றாயிருந்தால் தொழில் நடக்கும். பாதியாகிவிட்டால் தொழிலே படுத்துவிடும்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. இன்று அந்த ஊரில் வேறொரு கடல்கட்டி வீட்டுக்கு வீடு, அலுவலகத்துக்கு அலுவலகம் குடியிருக்கிறார். அவர் பெயர் ஆண்டிவைரஸ். வ.உ.சி. துறைமுகத்தைச் சார்ந்து தொழில் நடத்தும் ஏற்றுமதி அலுவலகங்களில் கஸ்டம்ஸ் பத்திரங்கள் எல்லாம் 'ஐஸ்கேட்' என்னும் அரசாங்க ஏற்பாட்டின் வழியாகக் கம்ப்யூட்டர் மூலமே போகின்றன. கப்பலுக்குப் போக வேண்டிய சரக்குப் பெட்டி இன்ன நேரத்துக்குள் வாசலைக் கடந்தாக வேண்டும் என்று நிர்ணயம் உண்டு. அந்த வேளையில் பார்த்துத் திரையிலே சக்கரம் சுழன்றுகொண்டே யிருந்தால், அங்குள்ள குமாஸ்தா என்ன சொல்வார்? "இந்த ஆண்டிவைரஸை நிறுத்தித் தொலையுங்கள்!" என்பார். பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தைக் கடைசி நாளன்று நிரப்பும் தகப்பனாரும் அப்படித்தான் சொல்வார்.

கோபம் நியாயமானதே. ஆனால் அந்த யோசனை சரியன்று. காவல்காரனை நீக்குவது ஒன்று. அவன் வேலையை ஒழுங்கு செய்வது மற்றொன்று. இரண்டாவது காரியத்தை எவ்விதம் செய்வது என்பதையே இங்கே சொல்லப் போகிறோம்.

காவல்காரன் செய்யும் வேலை

கம்ப்யூட்டரில் ஒரு கணக்கைத் திறக்கிறோம். நம் கண்ணுக்கு அது ஒரே காரியம். உள்ளேயோ பற்பல பைல்கள் எடுத்துப் படிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் திறக்கப்படுமுன் ஆண்டிவைரஸ் குறுக்கே கை நீட்டி நிறுத்துகிறது. தெரிந்த வைரஸ்களின் அங்க அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அடையாளம் தெரியாத புது ஆசாமியானால் நடத்தையைக் கவனிக்கிறது. 'ஜிப்' மூட்டையானால் அவிழ்த்து உள்ளே பார்க்கிறது. பிறகே உத்தரவு கொடுக்கிறது. ஒரு பைலுக்கு ஒரு விநாடியின் மிகச் சிறு பின்னமே செலவாகும். ஆயிரம் பின்னங்கள் சேர்ந்தால் அதுவே தாமதம்.

துறைமுகத்திலும் இதே சங்கடம் உண்டு. வந்த பெட்டிகளையெல்லாம் திறந்து பார்த்தால் வியாபாரம் நின்றுபோகும். ஒன்றையும் பார்க்காமல் விட்டால் கள்ளக் கடத்தல் பெருகும். ஆகையால் நமது கஸ்டம்ஸ் இலாகா 2005-ல், அபாயம் அதிகமுள்ள இறக்குமதிச் சரக்குகளைக் கணக்கிட்டுப் பொறுக்கிச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. நல்ல ஆண்டிவைரஸும் ஏறக்குறைய அவ்வாறே நடக்கிறது. ஒரு முறை பார்த்துத் தேறிய பைலை நினைவில் வைத்துக்கொண்டு, அது மாறாதிருக்கும் வரையில் மறுபடி சோதிக்காமல் விடுகிறது. எனவே, புதிதாக வைத்த முதல் இரண்டொரு நாள் யந்திரம் சற்று மந்தமாயிருந்து பின்னர் தேறினால் கவலைப்பட வேண்டியதில்லை. வாரக்கணக்கில் நீடித்தால்தான் காரணம் தேட வேண்டும்.

முதலில் குற்றவாளி யார்?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மானேஜர்' என்னும் பட்டியல் வரும். சி.பி.யு., மெமரி, டிஸ்க் ஆகியவற்றை யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அதிலே காணலாம். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர், 'ஆண்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' என்ற நீண்ட பெயரில் அங்கே நிற்கும். யந்திரத்தை இயக்கிய சில நிமிஷங்கள் அதன் கணக்கு உயர்ந்து பிறகு இறங்கினால் அது இயல்பு. ஒரு மணி நேரமாகியும் இறங்கவில்லை யென்றால் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது.

பல வீடுகளில் இந்தப் பட்டியலைப் பார்த்ததுமே காவல்காரன் விடுதலையாகிவிடுவான். பிரவுஸரில் நாற்பது பக்கங்கள் திறந்து கிடக்கும். நாலு ஜி.பி. மெமரிக்குள் இன்றைய விண்டோஸ் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். சி.பி.யு. சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் நூறு சதவிகிதம் என்று காட்டினால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் மீதே சந்தேகம் கொள்ள வேண்டும். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினால், பழைய யந்திரத்துக்குப் புது உயிர் வந்ததுபோல் இருக்கும். இன்னொன்றும் உண்டு. நமக்குத் தெரியாமல் புகுந்து, நம் மின்சாரத்தில் பிறருக்காக டிஜிட்டல் நாணயம் உற்பத்தி செய்யும் திருட்டுப் புரோகிராமும் யந்திரத்தைத் திணற வைக்கும். அந்த நிலையில் ஆண்டிவைரஸை நிறுத்துவது, திருடனை உள்ளே வைத்துக்கொண்டு காவல்காரனை வெளியே அனுப்புவதாகும்.

சீர்திருத்தம் ஐந்து

குற்றம் காவல்காரனுடையதுதான் என்று தெரிந்தால், கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமற் போகும்.

முதலாவது: ஒரு வீட்டுக்கு ஒரு காவல்காரன் போதும். புது மடிக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் ஒரு ஆண்டிவைரஸ் சில காலத்துக்கு இனாமாகச் சேர்ந்தே வருகிறது. அது இருப்பதை அறியாமல் நாம் மற்றொன்றை வாங்கி வைக்கிறோம். ஒருவன் தொட்ட பைலை மற்றவன் சோதிக்க, மற்றவன் தொட்டதை இவன் சோதிக்க, இரண்டு பேருக்கும் இடையே நம் வேலை கிடக்கிறது. ஒன்றை நீக்கிவிட வேண்டும். சில புரோகிராம்கள் நீக்கிய பிறகும் வேர் விட்டிருக்கும். அவற்றைக் களைவதற்கென்று தயாரித்த கம்பெனியே தனிக் கருவி கொடுக்கும். வேறு ஆண்டிவைரஸ் வந்தால் விண்டோஸ் டிஃபெண்டர் தானே ஒதுங்கி நிற்கும். அது போனதும் தானே பொறுப்பேற்கும்.

இரண்டாவது: முழுச் சோதனைக்கு நேரம் குறிக்க வேண்டும். முத்துக்குளிப்புக்கு முன் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து மதிப்பிடும் வழக்கம் இருந்தது. 'குயிக் ஸ்கேன்' என்பது அவ்விதமான மாதிரிச் சோதனை. வைரஸ் வழக்கமாய் ஒளியும் இடங்களை மட்டும் பார்க்கும். அதை அடிக்கடி செய்யலாம். 'புல் ஸ்கேன்' என்பதோ டிஸ்க் முழுவதையும் துழாவுவது, மணிக்கணக்கில் ஆகும். அதை மாதம் ஒரு தடவை, சாப்பாட்டு வேளையிலோ இரவிலோ வைத்துக்கொள்ளலாம். குறித்த நேரத்தில் யந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இரவு சோதனை என்று குறித்துவிட்டு மாலையிலேயே நிறுத்திவிட்டால், விட்டுப்போன சோதனை காலையில் வேலை தொடங்கும் போது தலை தூக்கக் கூடும்.

மூன்றாவது: விதிவிலக்கு. கணக்குப் புரோகிராமின் பைல்கள் விநாடிக்கு விநாடி மாறுகின்றன. மாறுந்தோறும் சோதனை நடக்கிறது. அந்தப் புரோகிராமைத் தயாரித்தவர்கள் சிபார்சு செய்தால், அந்த ஒரு போல்டரை மட்டும் சோதனையிலிருந்து விலக்கலாம். 'டவுன்லோட்ஸ்' போல்டர், டெஸ்க்டாப், பென் டிரைவ், முழு சி-டிரைவ் ஆகியவற்றுக்கு ஒருக்காலும் விலக்கு அளிக்கக் கூடாது. அபாயம் வருகிற வாசல்களே அவைதாம். நாம் வைக்காத விலக்கு ஏதேனும் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உள்ளே புகுந்த வைரஸ், தனக்குத் தானே விலக்கு எழுதிக்கொள்வதும் உண்டு.

நான்காவது: வேண்டாத உபசாரங்களை நிறுத்துவது. யந்திரத்தைச் 'சுத்தம்' செய்கிறேன், விளையாட்டை வேகப்படுத்துகிறேன், கடையில் விலை பார்த்துச் சொல்கிறேன் என்று பல துணைப் புரோகிராம்கள் ஆண்டிவைரஸோடு ஒட்டிக்கொண்டு வரும். காவலுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. இவற்றை அணைத்தாலே பல யந்திரங்கள் எழுந்து நடக்கும்.

ஐந்தாவது: புதுப்பித்தல். பழைய ஆண்டிவைரஸ் மெதுவாகவும் ஓடும். புதிய வைரஸை அறியவும் செய்யாது. விண்டோஸுக்கும் இதே விதிதான். விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது.

காவல்காரனே தவறினால்?

புதுப்பிப்பிலேயே பிழை நேர்ந்த சம்பவங்களும் உண்டு. 2005 ஏப்ரல் 23-ந் தேதி டிரெண்ட் மைக்ரோ கம்பெனி பிழையுள்ள ஒரு பைலை வெளியிட்டது. அது வெளியே இருந்தது சுமார் ஒன்றரை மணி நேரமே. அதற்குள் ஜப்பானில் ரயில்வேக்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் கம்ப்யூட்டர்கள் முழுச் சக்தியையும் காவலுக்கே செலவிட்டுத் தள்ளாடின. 2024 ஜூலை 19-ந் தேதி கிரௌட்ஸ்டிரைக் என்னும் கம்பெனியின் காவல் புரோகிராமில் நேர்ந்த பிழையால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் படுத்துவிட்டன. நம் விமான நிலையங்களில் பிரயாணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே, நேற்று வரை நன்றாயிருந்த யந்திரம் இன்று திடீரென்று முடங்கினால், கம்பெனியின் அறிவிப்பை முதலில் பாருங்கள். திருத்தம் பெரும்பாலும் விரைவிலேயே வந்துவிடும்.

அப்படியானால் காவலே வேண்டாமா? தூத்துக்குடிக்குத் தென்மேற்கே, அதே கடற்கரையில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. அங்கே நிர்வாக வேலைக்காக இண்டர்நெட்டோடு இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்திருப்பதை 2019 செப்டம்பர் 4-ந் தேதி மத்திய அரசாங்கத்தின் 'செர்ட்-இன்' அமைப்பு தெரிவித்தது. அக்டோபர் 30-ந் தேதி அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. அணு உலையை நடத்தும் யந்திரங்கள் தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்தபடியால் அவற்றுக்குத் தீங்கில்லை. 2017 ஜூன் 27-ந் தேதி 'நாட்பெட்யா' என்னும் வைரஸ் மேர்ஸ்க் கப்பல் கம்பெனியைத் தாக்கிய போது, பம்பாய்க்கு அருகேயுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் கம்பெனியைச் சேர்ந்த சரக்குத் துறையும் ஸ்தம்பித்தது. 45,000 கம்ப்யூட்டர்களைத் திரும்பவும் அமைக்க வேண்டி வந்தது என்று கம்பெனித் தலைவரே பின்னர் சொன்னார். எல்லாம் போன நிலையில், மின்சாரத் தடையினால் அணைந்திருந்த கானா நாட்டு யந்திரம் ஒன்றில் மட்டும் முக்கியமான தகவல் பிழைத்திருந்தது.

மேர்ஸ்க்குக்கு அதிர்ஷ்டத்தால் கிடைத்த பிரதியை நாம் முயற்சியால் வைத்துக்கொள்ளலாம். கணக்குகளையும் பத்திரங்களையும் குடும்பப் படங்களையும் ஒரு தனி டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். எந்தக் காவலும் பூரணமன்று; கழற்றி வைத்த பிரதியை வைரஸ் தொட முடியாது.

எதை வாங்குவது என்று கேட்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. 1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்த ஊர் தூத்துக்குடி. இந்தத் துறையிலும் சுதேசி முயற்சிக்குக் குறைவில்லை. சென்னையில் 1991-லேயே கேசவர்த்தனன் 'கே7' ஸ்தாபனத்தைத் தொடங்கினார். புனாவிலிருந்து 'குயிக் ஹீல்' வந்தது. சுதேசியோ விதேசியோ, எதுவானாலும் பரீட்சித்தே வாங்க வேண்டும். ஆஸ்திரியாவிலுள்ள 'ஏவி-கம்பாரடிவ்ஸ்', ஜெர்மனியிலுள்ள 'ஏவி-டெஸ்ட்' ஆகிய இரண்டு ஸ்தாபனங்களும் ஆண்டிவைரஸ்கள் யந்திரத்தை எவ்வளவு மந்தமாக்குகின்றன என்பதை அளந்து இண்டர்நெட்டில் வெளியிடுகின்றன. வைரஸ் புகுந்துவிட்டதென்று சந்தேகப்படுவோர்க்கு, 2017-ல் மத்திய அரசாங்கம் தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா'வில் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

கப்பல் புறப்படும் நாளில் இந்தச் சீர்திருத்தங்களைச் செய்ய உட்காரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரும் படிக்கும் பிள்ளை ஒன்றும் சேர்ந்து உட்காருங்கள். பட்டியலைப் பாருங்கள், இரண்டாவது காவல்காரனை அனுப்பிவிடுங்கள், நேரத்தைக் குறியுங்கள், பிரதி எடுங்கள். திங்கட்கிழமை சக்கரம் சுழலாமல் கணக்கு திறக்கும். காவலும் தன் இடத்தில் இருக்கும்.