மனநோய் மருந்தும் சிறுநீரகமும்



மனநோய்க்கு மாத்திரை உண்பவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. 1952-இல் மனநோய் மருத்துவத்துக்கு வந்த குளோர்புரோமசின், 1958-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஹாலோபெரிடால் முதலிய மருந்துகளால் பலர் வீடு திரும்பி, வேலைக்கும் போகிறார்கள்.

ஆனால் மிக அரிதாக, இவை சிலருக்கு ஆபத்தையும் உண்டாக்குகின்றன. கடுங்காய்ச்சல் வருகிறது, கைகால்கள் மரக்கட்டைபோல் விறைக்கின்றன, வியர்வை கொட்டுகிறது, புத்தி தடுமாறுகிறது. விறைத்த தசைகள் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்னும் பொருள் இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அது அடைத்துக் கெடுக்கிறது. அப்போது சிறுநீர் பால் சேர்க்காத கோப்பிபோல் கறுக்கும், அளவும் குறையும்.

பெரும்பாலும் மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய முதல் இரண்டு வாரங்களில் இது நேர்கிறது. உடலில் நீர் வற்றினால் ஆபத்து அதிகம். ஆகவே இம்மருந்து உண்டு, வெயிலில் செம்பனைக் குலை வெட்டுபவர் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும்.

இக்குறிகளைக் கண்டால் சாதாரணக் காய்ச்சல் என்றோ, காத்துக் கருப்பு என்றோ நாம் காலம் கடத்தலாகாது. அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலத்தோடு போனால் உயிரையும் சிறுநீரகத்தையும் காப்பாற்ற வழியுண்டு.

அதற்காக, நலமாக இருப்பவர் பயந்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். மருந்தை வேளை தவறாமல் கொடுப்போம். உண்பவரையும் கவனித்து வருவோம்.