பெடல் சொல்லும் செய்தி

வண்டலூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் இன்று புத்தம் புதிய கார்களே கண்ணில் படுகின்றன. அதே வண்டலூரில்தான் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆலை இயங்கியது. அந்நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு கார்களைச் சிலர் இன்றும் பேணி வருகின்றனர். தங்கள் இல்லத்திலும் ஒன்று இருக்குமானால் மேலே படியுங்கள்.

புதிய கார்களில் பிரேக் எண்ணெய் இரு தனி வழிகளில் செல்கிறது. ஒன்று பழுதுற்றாலும் மற்றது காக்கும். பழைய ஹெரால்டிலோ நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வழி. ஓரிடத்தில் குழாய் விட்டுப்போனால் பெடல் தரைவரை சென்றுவிடும். அந்நேரத்தில் கம்பியால் இயங்கும் கைப்பிரேக் ஒன்றே துணை. ஆயினும் பெரும்பாலும் பெடல் முன்கூட்டியே செய்தி சொல்லிவிடுகிறது.

வண்டியை நிறுத்தி, பெடலை அழுத்தியபடியே இருங்கள். மெல்ல மெல்லக் கீழிறங்குகிறதா? வெளியே எங்கும் கசிவில்லையெனில் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கும். பஞ்சுபோல் மெத்தென்று இருக்கிறதா? குழாயில் காற்று புகுந்துள்ளது. இரண்டாம் மிதியில் மட்டும் உறுதியாக நின்றால் லைனிங் தேய்ந்து டிரம்மிலிருந்து விலகியிருக்கலாம். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், பெரும்பாலும் எதிர்ப்பக்கச் சக்கரத்தில்தான் கோளாறு; டிரம்மைக் கழற்றி, லைனிங்கில் எண்ணெய் படிந்துள்ளதா என்று பாருங்கள்.

கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு ஈரமே பெரும்பகை. பிரேக் எண்ணெய் அதை உறிஞ்சிக்கொள்ளும்; சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கும். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். எண்ணெய் குறைந்ததென்று கைக்குக் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றுவோரும் உண்டு. என்ன கொடுமை! ரப்பர்கள் அனைத்தும் ஊதிக் கெட்டு, ஒன்றுவிடாமல் மாற்ற நேரும்.