நனைத்த துணியும் ஒரு குடும்பத்தின் பெயரும்

காய்ச்சல் கண்டவரின் நெற்றியில் யூடிகோலோன் நனைத்த துணியை இடும் வழக்கம் முன்பு நம் வீடுகளில் பரவலாக இருந்தது. மருந்துக்கடையில் வாங்கிய சிறு குப்பி, குழந்தைகளின் கைக்கு எட்டாத மேல்தட்டில் இருக்கும். மூடியைத் திருகியதும் எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போல் ஒரு மணம் மூக்கில் ஏறும். துணி நெற்றியில் பட்டதும் சில்லென்றிருக்கும். கால் நாழிகைக்குள் மணமும் போய்விடும், குளிர்ச்சியும் போய்விடும். காய்ந்த துணி மட்டும் கிடக்கும். ஓர் ஊரின் பெயரே அந்நீருக்கு வழங்குகிறது என்பதை நான் அறிந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். செருமனியில் ரைன் ஆற்றங்கரையில் உள்ள கொலோன் நகரத்து நீர் என்பதே அந்தப் பிரெஞ்சுச் சொற்றொடரின் பொருள். நம் நாவில் அது யூடிகோலோன் ஆயிற்று.

அக்குளிர்ச்சியில் புதிர் ஒன்றும் இல்லை. குப்பியில் பெரும்பங்கு எரிசாராயம், எஞ்சியது நீர். நறுமண எண்ணெய் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கே. எரிசாராயம் ஆவியாக மாறக் கிராமுக்கு ஏறத்தாழ 840 ஜூல் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை அது நெற்றியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நீருக்கு இதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் தேவைப்படும். ஆயினும் நீர் மெல்லத்தான் ஆவியாகும், சாராயமோ உடற்சூட்டிலேயே விரைந்து பறக்கும். அவ்விரைவையே தோல் குளிர்ச்சியாக உணர்கிறது.

மணத்தின் கதையும் அதுவே. எலுமிச்சை, நாரத்தை இனத்துப் பழத்தோல்களில் மிகுந்திருப்பது லிமோனீன். பத்துக் கரி அணுக்களும் பதினாறு நீரிய அணுக்களும் மட்டுமே கொண்ட சிறு மூலக்கூறு அது. எளிதில் எழுந்து மூக்கை முதலில் அடையும், முதலில் மறையும். தென் இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமோட்டுப் பழத்தின் எண்ணெயில் லிமோனீனுடன் லினலூலும் லினலைல் அசிட்டேட்டும் சேர்ந்திருப்பதால், புளிப்பின் கூர்மையோடு மலரின் மென்மையும் கூடுகிறது. சந்தனமும் கத்தூரியும் தோலில் நெடுநேரம் தங்கும் பொருள்கள். கொலோன் நீருக்கு வந்த விரைவில் போவதே இயல்பு. மணம் போனபின் எஞ்சுவது குப்பியின்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டுத்தான். அச்சீட்டில் யார் பெயர் இருக்கலாம் என்பதற்காக வழக்குமன்றங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கின்றன.

பெயருக்குரியவர் யோகான் மரியா ஃபரீனா. 1685-இல் வட இத்தாலியின் விகெட்சோ பள்ளத்தாக்கில் பிறந்தவர். அவருடைய தமையன் 1709-இல் கொலோனில் தொடங்கிய கடையில் 1714-இல் இவரும் வந்து சேர்ந்தார். பட்டும் நயப்பொருள்களும் விற்ற அக்கடையில் இவர் கலந்தமைத்த நறுநீர் பின்னாளில் மற்றச் சரக்குகளையெல்லாம் பின்தள்ளிவிட்டது. தம்மை ஏற்றுக்கொண்ட நகரின் பெயரையே அதற்கு இட்டார். அரசவைகளின் மொழி அன்று பிரெஞ்சு ஆதலின், செருமானிய நகரில் இத்தாலியர் செய்த நீர் பிரெஞ்சுப் பெயர் பூண்டது.

அவருடைய அருந்திறன் எங்கே இருந்தது என்பதைச் சற்று நின்று காண வேண்டும். தூய எரிசாராயத்தில் நறுமண எண்ணெய்களைத் தனித்தனியே கரைத்து, பின் அவற்றை அளவறிந்து கலப்பது அவர் முறை. பழத்தின் மணம் மண்ணையும் மழையையும் பொறுத்தது. ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாறும் பொருள்களைக் கொண்டு மாறாத மணத்தைத் தருவதே மூக்கு பழகியவனின் வேலை. ஒரு கலவையை ஒருமுறை செய்வது அரிதன்று. இவ்வாண்டு வாங்கிய குப்பியும் பத்தாண்டு கழித்து வாங்கும் குப்பியும் ஒன்றே என வாங்குபவரை நம்பச் செய்வதே அரிது. அந்த நம்பிக்கைக்கு வழங்கிய பெயர்தான் ஃபரீனா. 1766-இல் அவர் மறைந்தார், பெயர் தங்கியது.

1794-இல் பிரெஞ்சுப் படை கொலோனில் புகுந்தது. பழைய வணிகக் குழுக்களின் கட்டுகள் அறுந்தன; எவரும் எத்தொழிலும் செய்யலாம் என்றாயிற்று. வணிகக்குறியைக் காக்கும் சட்டமோ அப்போது இல்லை. நறுநீர் செய்யும் முறை ஏறக்குறையப் பலருக்கும் தெரிந்துவிட்டது. இனி வேண்டியது பெயர் ஒன்றே.

வில்கெல்ம் மூலென்சு என்ற வணிகர் அதற்கு ஒரு வழி கண்டார். 1803-இல் ஃபரீனா என்ற குடும்பப்பெயர் கொண்ட ஒருவரிடமிருந்து அப்பெயரை வழங்கும் உரிமையை விலைக்கு வாங்கினார். விற்றவருக்கும் கொலோன் நகரத்து நறுநீர்க் குடும்பத்துக்கும் உறவில்லை. பெயர் மட்டும் ஒன்று. இத்தாலியில் ஃபரீனா என்பது அருகிய பெயரும் அன்று. மாவு என்பதே அச்சொல்லின் பொருள். நம்மூரில் முருகன், செல்வம் என்பவர்களைத் தேடுவது போல அங்கே ஃபரீனாக்களைத் தேடலாம். மூலென்சு வாங்கிய உரிமையைத் தாம் ஆண்டதோடு நில்லாமல் பிறருக்கும் விற்றார். இல்லாத உறவைக் காசாக்கிய இவ்வணிகத்தின் துணிவை எண்ணி வியக்கத்தான் வேண்டும். விரைவில் கொலோனில் எத்திசை திரும்பினும் ஃபரீனா என்னும் பலகை தொங்கியது.

உண்மைக் குடும்பத்தார் என்ன செய்வர்? தம் பெயரோடு முகவரியையும் சேர்த்தனர்: 'யூலிக் திடலுக்கு எதிரில் உள்ள யோகான் மரியா ஃபரீனா'. பெயரைக் கொண்டு தம்மை வேறுபடுத்த இயலாதபோது இருக்கும் இடத்தைக் கொண்டு வேறுபடுத்தினர். போட்டியாளர் அதையும் விடவில்லை. யூலிக் திடல், எண் 4 என்று அச்சிட்ட ஃபரீனா சீட்டுகளும் கடைகளில் உலவின. அவசரத்தில் வாங்குபவர், எதிரில் என்பதற்கும் எண் நான்கு என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நின்று படிப்பாரா? அக்குடும்பத்திலேயே பிறந்த இன்னொரு ஃபரீனா 1806-இல் பாரிசில் கடை திறந்தார். அவர் உண்மை உறவினர்; ஆகவே அவரைப் போலி எனல் இயலாது. அக்கடை கைமாறி 1862-இல் ரோசே, கலே என்ற இருவரிடம் சேர்ந்தது. அவர்கள் பெயரிலான நிறுவனம் இன்றும் ஃபரீனா பெயரோடு நறுநீர் விற்கிறது.

கடல் கடந்தும் வழக்கு நடந்தது. ஃபரீனாவின் சீட்டைப் போலவே சீட்டு அச்சிட்டு விற்ற இலண்டன் அச்சகத்தார் ஒருவர்மேல் 1855-இல் கொலோன் நிறுவனம் தடை கேட்டது. முதலில் தடை கிடைத்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது நீக்கப்பட்டது. உண்மையான ஃபரீனா குப்பிகளை வைத்திருக்கும் கடைக்காரரின் சீட்டுகள் நைந்து போயிருக்கலாம். அவர் நேர்மையான நோக்கத்தோடு புதுச்சீட்டு வாங்கலாம். ஆகையால் சீட்டு விற்பதே குற்றம் என முன்கூட்டியே முடிவு செய்தல் ஆகாது என்று கருதியது மன்றம். தனிச் சீட்டுக்குச் சந்தையில் விலை இருந்தது என்பதே இவ்வழக்கு நமக்குத் தரும் செய்தி. மணநீர் இன்றியே ஃபரீனா விற்பனையாயிற்று.

பெயர்க்காப்பு ஏன் இத்துணை நொய்ந்ததாயிற்று? ஒருவர் தம் சொந்தப் பெயரில் தொழில் செய்வதை யார் தடுக்கலாம் என்ற கேள்வியே காரணம். இதே காலத்தில், 1853-இல், இலண்டனில் பர்செசு குடும்ப வழக்கு வந்தது. தந்தை நெத்திலிச்சாறு விற்றுப் புகழ் பெற்றவர். மகன் பிரிந்துபோய்த் தானும் அதே பெயரில் நெத்திலிச்சாறு விற்றான். தந்தை தடை கேட்க, மன்றம் மறுத்தது. தந்தை செய்த ஊறுகாயையும் குழம்புச்சாற்றையும் மகனும் செய்யலாம், தன் பெயரையும் அதில் எழுதலாம் என்பது நடுவரின் கருத்து. பிறப்பால் வந்த பெயரைப் பறிக்க முடியாது என்ற அளவில் இது நேர்மைதான். ஆனால் மூலென்சு செய்ததற்கும் பர்செசின் மகன் செய்ததற்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள இடைவெளி உண்டு. ஒருவன் தன் பெயரைத் தாங்கினான். மற்றவர் வேறொருவன் பெயரை வாடகைக்கு எடுத்தார்.

செருமனியில் வணிகக்குறிச் சட்டம் 1874-இல் இயற்றப்பட்டது. அதற்காக நெடுநாள் குரல் கொடுத்தவருள் ஃபரீனா குடும்பத்தாரும் இருந்தனர். வழக்குகள் பல கடந்து 1881-இல் மூலென்சின் பேரன் ஃபெர்டினாந்து, ஃபரீனா என்னும் பெயரைக் கைவிட நேர்ந்தது. இங்கேதான் கதை நகைப்புக்குரிய திருப்பம் கொள்கிறது. பெயர் இழந்தவரிடம் ஓர் எண் இருந்தது. நகரின் வீடுகளுக்கெல்லாம் எண் இட்டபோது, குளோக்கன்காசை என்னும் மணிச்சந்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வாய்த்தது 4711. அவ்வெண் தாங்கிய குறியை அவர்கள் 1875-லேயே பதிந்திருந்தனர். இரவல் பெயர் போனபின் எண்ணே பெயராயிற்று. உலகெங்கும் ஃபரீனாவைவிட அது மிகுந்த புகழ் பெற்றது. குடும்பப்பெயரை ஆயிரம் பேர் தாங்கலாம். 4711 எனப் பெயர் கொண்ட பிள்ளை எங்கும் பிறப்பதில்லை. குறியாக ஒன்றைத் தேர்பவர், பிறர் இயல்பாக உரிமை கோர முடியாததைத் தேர்தல் நன்று என்பதை மூலென்சு குடும்பம் தோற்ற பிறகே கற்றது.

பெயருக்குப் பதில் மணத்தையே உடைமையாக்கலாமே எனலாம். அறிவியல் இங்கே கைகொடுக்கும் என்று தோன்றும், கொடுத்தது போட்டியாளருக்குத்தான். 1950-களில் வளர்ந்த வளிம நிறப்பகுப்பு முறையில், ஒரு துளி நறுநீர் நீண்ட நுண்குழாய் ஒன்றினூடே செலுத்தப்படுகிறது. மூலக்கூறுகள் தத்தம் இயல்புக்கேற்ப முன்னும் பின்னுமாக வெளிவந்து, தாளில் வரிசையான முகடுகளாக நிற்கின்றன. மூக்கு வாழ்நாள் முழுதும் பயின்றதைக் கருவி சிறு பொழுதில் எழுதித்தந்துவிடும். சட்டமோ வேதியியலின் எழுத்தை ஏற்க மறுத்தது. 2002-இல் ஐரோப்பிய மன்றத்தில் சீக்மன் வழக்கில், இலவங்கப்பட்டைச் சாயல் கொண்ட ஒரு மணத்தைக் குறியாகப் பதியக் கேட்டனர். வேதியியல் வாய்பாடு பொருளைக் குறிக்குமேயன்றி மணத்தைக் குறிக்காது, சொல்விளக்கம் தெளிவுடையதன்று, மாதிரிக் குப்பியோ காலத்தால் மாறும் என்று மன்றம் மறுத்தது. மணம் பொதுவிலேயே நின்றது.

எனவே இன்றைய போர் வேறு வடிவில் நடக்கிறது. மலிவான நறுநீர் செய்பவர், இந்தக் குப்பி இன்ன புகழ்பெற்ற நறுநீரை ஒத்தது எனப் பட்டியல் தருவார். லோரியல் நிறுவனம் இத்தகைய பட்டியலுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2009-இல் ஐரோப்பிய மன்றம் அது முறையற்ற பயன் கொள்ளல் என்றது. அத்தீர்ப்பை இங்கிலாந்தில் செயற்படுத்த வேண்டியிருந்த மேல்முறையீட்டு நடுவர், உண்மையைச் சொல்லவும் தடையா என்னும் மனக்குறையுடனேயே 2010-இல் அதற்குப் பணிந்தார். அவருடைய மனக்குறை எனக்கும் உண்டு. மணம் எவருக்கும் உரியதன்று என்றால், இம்மணம் அம்மணத்தை ஒத்தது என்று மறைக்காமல் சொல்பவன் யாரையும் ஏய்க்கவில்லை. பெயரைத் திருடி ஒட்டுவதும், பெயரைச் சொல்லி ஒப்பிடுவதும் ஒன்றல்ல. மூலென்சு முன்னதைச் செய்தார்.

நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம், 35-ஆம் பிரிவில், ஒருவர் தம் பெயரையோ தம் தொழிலிடத்தின் பெயரையோ நன்னம்பிக்கையோடு வழங்குவதைத் தடுக்கவில்லை. யூலிக் திடலில் நிகழ்ந்தவற்றை அறிந்தவருக்கு, இடத்தின் பெயரும் அங்கே ஏன் சேர்ந்தது என்பது விளங்கும். ஐரோப்பாவில் 2016 முதல் சொந்தப் பெயர் என்னும் அரண் உடலும் உயிரும் கொண்ட மாந்தருக்கு மட்டுமே, நிறுவனங்களுக்கு இல்லை. ஒரு ஃபரீனாவைத் தேடிப்பிடித்து அவர் பெயரில் நிறுவனம் அமைக்கும் பழைய வழி இனி அங்கே செல்லாது.

4711 பல கை மாறி, இன்று ஆகன் நகரை அடுத்த சுட்டோல்பெர்கு என்னும் ஊரில் உள்ள நிறுவனத்துக்கு உரியது. மணிச்சந்து வீட்டில் இன்றும் அதை வாங்கலாம். யூலிக் திடலுக்கு எதிரில் உள்ள வீட்டில் ஃபரீனா குடும்பத்தாரே இன்றும் தம் நறுநீரை விற்கிறார்கள். இரண்டு வீடுகளுக்கும் நடுவே நடந்துபோகும் தொலைவுதான்.