ஒண்ணுமே இல்லாதப்போ எதுக்கு மேமோகிராம்?

இந்த எபிசோடு அம்மா கேட்ட ஒரு கேள்வியில ஆரம்பிச்சது. எங்க ஆபீஸ்ல பெற்றோருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை ஹெல்த் செக்கப் உண்டு. அம்மாவுக்கு 54 வயசு. லிஸ்ட்டைப் படிச்சுக் காட்டினேன். சுகர், கொலஸ்ட்ரால், ஈசிஜி எல்லாத்துக்கும் தலையாட்டினவங்க, மேமோகிராம்னு சொன்னதும் நிறுத்தினாங்க. "எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையேடா, அதை எதுக்கு எடுக்கணும்?"

"எடுத்துடலாம்மா, நல்லதுதானே"ன்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் படிக்க உட்கார்ந்தேன். இதே கேள்விக்காக டாக்டர்களும் ஆராய்ச்சியாளர்களும் பல வருஷமா சண்டை போட்டுட்டு இருக்காங்க.

முதல்ல ஒரு வார்த்தையைத் தெளிவுபடுத்திக்குவோம். ஸ்கிரீனிங்னா எந்த அறிகுறியும் இல்லாதவங்களுக்குப் பண்ற பரிசோதனை. மார்புல கட்டி தட்டுப்படுது, காம்புல ரத்தம் கசியுது, தோல் உள்வாங்குதுன்னா அது ஸ்கிரீனிங் கணக்குல வராது. அங்க விவாதமே கிடையாது, உடனே டாக்டரைப் பார்க்கணும். இன்னிக்குப் பேசப்போற சண்டை முழுக்க முதல் வகையைப் பத்தினது.

நம்ம ஊர்ல நிறைய பேர் பயப்படுறது கதிர்வீச்சுக்கு. ஒரு மேமோகிராம்ல உடம்புக்கு வர்ற அளவு தோராயமா 0.4 மில்லிசீவர்ட். மண்ணுல இருந்தும் காத்துல இருந்தும் ஏழு வாரத்துல இயற்கையாவே நமக்கு வந்து சேர்ற அளவு அது. ஆபத்து பூஜ்யம்னு சொல்ல மாட்டேன். ஆனா சண்டையோட மையம் அது இல்ல.

மையம் ரெண்டு விஷயம். ஒண்ணு, பொய் அலாரம். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் அலர்ட் வந்து எழுந்து பார்த்தா எல்லாம் சரியா ஓடிட்டு இருக்குமே, அது மாதிரி. பிரிட்டன்ல 100 பேர் மேமோகிராம் எடுத்தா சுமார் 4 பேரை மறுபடி கூப்பிடுறாங்க. அதுல கேன்சர் இருக்கிறது ஒருத்தருக்கு. மீதி மூணு பேரும் ரிசல்ட் வர்ற வரைக்கும் தூங்கியிருக்க மாட்டாங்க. சிலருக்கு பயாப்ஸி வரைக்கும் போகும்.

ரெண்டாவதுதான் கஷ்டமானது: மிகை நோயறிதல். இது பொய் அலாரம் இல்ல. மைக்ரோஸ்கோப்ல பார்த்தா நிஜமாவே கேன்சர். ஆனா அது வளர்ற வேகத்துக்கு, அந்தம்மா ஆயுசு முழுக்க அதனால எந்தத் தொந்தரவும் வந்திருக்காது. பால் நாளத்தைத் தாண்டாம உள்ளேயே இருக்கிற டிசிஐஎஸ்னு ஒரு வகை இருக்கு. அதுல எது பரவும், எது அப்படியே கிடக்கும்னு இன்னிக்கும் உறுதியாச் சொல்ல முடியாது. அதனால பெரும்பாலும் ஆபரேஷன், தேவைப்பட்டா கதிர்வீச்சு சிகிச்சை.

இதுல மாட்டினவங்களுக்கு மாட்டினோம்னே தெரியாது. "நேரத்துல கண்டுபிடிச்சாங்க, பொழைச்சேன்"னுதான் நினைப்பாங்க. தனி ஆளை வச்சுக் கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்கிரீனிங்குக்குக் கூப்பிட்ட கூட்டத்தையும் கூப்பிடாத கூட்டத்தையும் பல வருஷம் பின்தொடர்ந்து, முதல் கூட்டத்துல எத்தனை கேன்சர் கூடுதலா நிக்குதுன்னு பார்த்துத்தான் கணக்குப் போடுறாங்க.

அப்படி ஒரு கணக்கை 2012-ல பிரிட்டன்ல மைக்கேல் மார்மட் தலைமையில ஒரு குழு வெளியிட்டுச்சு. 50 வயசுல இருந்து 20 வருஷம் 10,000 பெண்களை ஸ்கிரீனிங்குக்குக் கூப்பிட்டா, 43 மரணங்களைத் தடுக்கலாம். அதே 10,000 பேர்ல 129 பேருக்கு மிகை நோயறிதல் நடக்கும். ஒரு உயிருக்கு மூணு பேர் தேவையில்லாத சிகிச்சை எடுக்குறாங்க.

இந்த 43-ஐ "மரணம் 20 சதவீதம் குறையும்"னும் சொல்லலாம், "10,000-ல 43"னும் சொல்லலாம். ரெண்டும் உண்மை. விளம்பரத்துல எது வரும்னு உங்களுக்கே தெரியும்.

பலனும் பாதிப்பும் ரெண்டும் இருக்குன்னு தெரிஞ்சாலும் முடிவு ஒண்ணா வரல. பிரிட்டன் ஸ்கிரீனிங்கைத் தொடர்ந்துச்சு. சுவிட்சர்லாந்தோட மருத்துவ வாரியம் 2014-ல புதுத் திட்டங்களைத் தொடங்க வேண்டாம்னு சொல்லிச்சு. அமெரிக்காவோட தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2009-ல, எல்லாருக்குமான ஸ்கிரீனிங் 50 வயசுல இருந்து போதும்னாங்க. 2024-ல அதை 40-ஆ மாத்திட்டாங்க. ஒரு உயிரையும் மூணு தேவையில்லாத சிகிச்சையையும் எந்தத் தராசுல வைக்கிறோம்ங்கிறதுலதான் சண்டை.

இந்தியாவுக்கு வந்தா கதை மாறுது. இங்க பல பேர் கட்டி பெருசான பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே வர்றாங்க. 1998-ல மும்பையில டாடா மெமோரியல் மருத்துவமனை ஒரு ஆய்வைத் தொடங்குச்சு. குடிசைப் பகுதிகள்ல 1,51,538 பெண்கள். ஒரு பாதிப் பேரை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால தொட்டுப் பார்த்துச் சோதிச்சாங்க. மேமோகிராம் மெஷினே கிடையாது. 2021-ல வந்த முடிவு: நோய் முன்னாடியே பிடிபட்டுச்சு. 50 வயசுக்கு மேல இருக்கிறவங்ககிட்ட மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சுது. 50-க்குக் கீழ அந்தப் பலன் தெரியல.

நான் எடுத்துக்கிட்டது இதுதான். குடும்பத்துல நெருங்கினவங்களுக்கு மார்பக, சினைப்பை கேன்சர் இருந்திருந்தா கணக்கே வேற, டாக்டர்கிட்ட தனியாப் பேசணும். மத்தபடி 50 தாண்டினவங்களுக்குப் பலன் சின்னதா இருந்தாலும் நிஜமானது, அதுக்கு ஒரு விலையும் இருக்கு. அந்த விலையைச் சொல்லாம "எடுத்துடுங்க"ன்னு சொல்றது சரியில்ல. நானும் அதைத்தான் பண்ணினேன்.

அதனால அம்மாகிட்ட மறுபடி உட்கார்ந்து 43, 129 ரெண்டையும் சொன்னேன். "இதுல நான் எதுல வருவேன்?"னு கேட்டாங்க. "யாருக்கும் தெரியாதும்மா. ஒருவேளை ரெண்டுலயுமே வராம இருக்கலாம்." கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, எடுத்துக்கறேன்னாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்க சித்திக்கு அக்குள்ல ஏதோ கட்டி தட்டுப்படுதாம். ரெண்டு மாசமாச்சு, வெளிய சொல்ல வெக்கப்படுறா"ன்னாங்க.

அது ஸ்கிரீனிங் இல்லன்னு சொன்னேன். மறுநாள் காலையில அம்மாவே சித்தியைக் கூட்டிட்டுப் போனாங்க. பயாப்ஸியில சாதாரணக் கட்டின்னு வந்துச்சு. பெரும்பாலான கட்டிகள் அப்படித்தான். ஆனா அது போய்ப் பார்த்தாத்தான் தெரியும்.

இந்த வாரம் உங்க வீட்லயும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.