கண்ணைப் பறிக்காத அழகு

மரம் வேண்டாம், செங்கல் வேண்டாம், உலோகம் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுப் பாறையைக் குடைந்தே மும்மூர்த்திகளுக்குக் கோயில் சமைத்தான் மகேந்திர பல்லவன். விழுப்புரம் வட்டாரத்து மண்டகப்பட்டிலுள்ள கல்வெட்டே இதைச் சொல்லுகிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கோயிலின் துவாரபாலகர்களிடம் பளபளப்புக் கிடையாது. வெயிலிலும் அவர்கள் உருவம் கண் கூசாமல் தெரிகிறது.

பீகாரில் அசோகர் காலத்துப் பராபர் குகைகளும் கருங்கல்லே. ஆனால் அவற்றின் உட்சுவர்கள் கண்ணாடிபோல் மின்னுகின்றன. வேறுபாடெல்லாம் மேற்பரப்பில்தான். வழவழப்பான பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். சொரசொரப்பான பரப்பு நாலாபக்கமும் சிதறடிக்கும்.

வீட்டுத் தேக்கு அலமாரிக்கும் இதே விதிதான். வார்னிஷ் பூசியபின் மரத்தின் ரேகைகள் மறைந்து ஜன்னலின் பிம்பமே தெரிகிறதென்று வருந்துவோர், பாட்டனார் காலத்துச் சாமானைச் சுரண்டிப் பாழாக்க வேண்டியதில்லை. பூச்சு நன்றாக இறுகும்வரை சில வாரங்கள் பொறுக்க வேண்டும். பிறகு அழுக்கைத் துடைத்து, மிக மெல்லிய எஃகு நாரினால் ரேகை ஓடும் திசையிலேயே லேசாகத் தேய்க்கலாம். நுரைக்கல் பொடியை எண்ணெயில் குழைத்துத் தேய்ப்பது பழைய முறை. முதலில் மறைவான ஓர் இடத்தில் சோதித்துப் பார்ப்பது நலம். ஓரங்களில் பூச்சு மெல்லியதாகையால் அங்கே கை அழுந்தலாகாது. தூளைத் துடைத்து மெழுகு தடவினால் வேலை முடிந்தது.

மகேந்திரன் ஒதுக்கிய மரத்துக்கு அவன் குடைந்த கல்லே பாடம் சொல்லுகிறது அல்லவா?